குடிக்காமல் வைத்த கோப்பை

அபூ நவ்வாஃப் ஊற்றிக் கொடுத்த காபியை எப்சிபா வலது கையால் வாங்கி, உதட்டில் கூடப் படாமல், முன்னால் இருந்த தகரத் தட்டில் வைத்தாள். அவ்வளவுதான் செய்தாள். ஆனால் வைத்த மாத்திரத்தில் அந்த அறையில் ஏதோ மாறிவிட்டது. அவர் கையில் இருந்த மூக்கு நீண்ட பித்தளைப் பாத்திரம் ஒரு கணம் அந்தரத்திலேயே நின்றது. எதிர் மெத்தையில் உட்கார்ந்திருந்த உம்மு நவ்வாஃப், அவர் மனைவி, கோப்பையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், பிறகு தன் மடியைப் பார்த்துக்கொண்டாள். தெருவில் காஸ் சிலிண்டர் வண்டி தன் பாட்டைப் பாடிக்கொண்டு போனது. எப்சிபா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. ஆனால் பசி அவளுக்குப் பழக்கம். இப்போது அவளைப் பிடித்திருந்தது பசி இல்லை, பயம். இந்த ஆள் எதற்காகத் தன்னை இன்றைக்கு வரச் சொன்னார் என்கிற பயம். முழங்காலோடு ஒட்டி வைத்திருந்த நீலப் பையை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். பையில் ஐஸ் கட்டிக்கு நடுவே இரண்டு குப்பி இன்சுலின் இருந்தது. இந்த வீட்டுப் பெண் ரீமாஸுக்கு வயது ஒன்பது, சர்க்கரை நோய், ஊசி இல்லாமல் அவளால் பிழைக்க முடியாது. எப்சிபா நர்ஸாக இருக்கிற மிஷன் கிளினிக்குக்கு ஆறு மாதமாக வாரம் தவறாமல் வந்த பிள்ளையைப் பதினாறு நாளாகக் காணவில்லை. கணக்குப்படி கையில் இருந்த மருந்து தீர்ந்து நாலு நாள் ஆகியிருக்க வேண்டும். போன் செய்தால் எடுப்பதில்லை. நேற்றுச் சாயங்காலம் அவராகவே கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு ரெண்டு மணிக்கு வாங்க, சிஸ்டர், பேசணும்" என்றார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். "இருக்கா, முதல்லே உட்காருங்க" என்றார். இருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? எங்கே இருக்கிறாள்?

காபியைக் குடித்துத் தொலைத்திருக்கலாம். ஒரு மடக்கு கூட வராது அந்தக் கோப்பை. கைப்பிடி இல்லாமல், முட்டை ஓட்டளவு. மூன்று வருடமாக இந்த நாட்டில், சிரியாவிலிருந்து எல்லை தாண்டி வந்த ஜனங்களின் வாடகை வீடுகளில், எத்தனை கிளாஸ் புதினாத் தேநீர் குடித்திருப்பாள். சர்க்கரையில் முக்கி எடுத்த தேநீர். ஒரு வீட்டிலும் வேண்டாம் என்றதில்லை. இந்த வீட்டிலும் இதுவரை தேநீர்தான் கொடுத்தார்கள். இன்றைக்குத்தான் காபி, அதுவும் அவரே அடுப்படிக்குப் போய் வறுத்து, இடித்து, ஏலக்காய் வாசனை வீடு முழுக்க வர, இத்தனை சடங்கோடு. பார்த்து இன்றைக்கா? இன்றைக்கு அவள் ஊரில் பெரிய வெள்ளிக்கிழமை. இங்கே உள்ள சபைகளுக்கு வேறு கணக்கு, அவர்களுக்கு அடுத்த வாரம்தான். அதனால் சாத்தான்குளத்துப் பக்கத்து நாசரேத்தில் அவள் அம்மா வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு மத்தியான மும்மணி ஆராதனைக்குப் போய் வந்திருக்க, மகள் இங்கே ஒரு சாதாரண விடுமுறை நாளில், ஒருத்தருக்கும் தெரியாமல், தனியாக உபவாசம் இருக்கிறாள். காலையில் அம்மா போனில் சொன்னது: "மூணு மணி வரைக்கும் தண்ணி கூடப் பல்லிலே படக் கூடாதுட்டி. ஆண்டவர் சிலுவையிலே காடியைத்தான் குடிச்சார், ஒனக்கென்ன." இப்போது இங்கே மணி இரண்டு இருபது. ஊர்க் கணக்கில் நாலு ஐம்பது. அம்மா கஞ்சி குடித்து முடித்துப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தும் இருப்பாள். எந்த மூன்று மணி செல்லும், ஊர் மூன்றா, இந்த ஊர் மூன்றா என்று காலையிலேயே தன்னோடு தானே வழக்காடி, இந்த ஊர் மூன்றுதான் என்று தீர்ப்பும் சொல்லியாயிற்று. நிற்கிற மண்ணில் சூரியன் எங்கே இருக்கிறதோ அதுதான் நேரம். இன்னும் நாற்பது நிமிடம். இதை இவர்களிடம் இரண்டு வார்த்தையில் சொல்லலாம். நான் நோன்பு, மூன்று மணிக்குக் குடிக்கிறேன். நோன்பு என்றால் இவர்களுக்குத் தெரியாததா? ரம்ஜான் முப்பது நாளும் இருக்கிறவர்கள். ஆனால் என்ன நோன்பு என்பார்கள். எதற்கு என்பார்கள். அப்புறம் சிலுவை வரும். சிலுவை வந்தால் விதி மீறல்.

விதி என்றால் பொன்னையா அண்ணன் போட்ட விதி. அவர்தான் இந்த மிஷன் கிளினிக்குக்குத் தலைவர், சாத்தான்குளத்துக்காரர், பதினொரு வருடமாக இங்கே இருக்கிறார். ஒவ்வொரு ஜனவரியும் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார். வீடு பார்க்கப் போனால் இரண்டு பேராகப் போக வேண்டும். அகதிகள் வீட்டுக்குள் மதப் பேச்சு எடுக்கக் கூடாது, அவர்களாக எடுத்தாலும் தொடரக் கூடாது. "கிறிஸ்துவைப் பத்தி ஒங்க கை பேசட்டும், வாய் பேசாண்டாம்," என்பார், கையெழுத்து வாங்கும்போது முகத்தைப் பார்க்காமல். முதல் விதியை அவள் இன்றைக்கு ஏற்கெனவே உடைத்தாயிற்று. கூடவே வருகிற நுஹா, இந்த ஊர்க் கிறிஸ்தவப் பெண், மொழியும் மரியாதையும் தெரிந்தவள், தங்கை நிச்சயதார்த்தம் என்று போய்விட்டாள். நாளைக்குப் போகலாம் என்று இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை, நாலு நாளாக மருந்தில்லாத பிள்ளை. அண்ணனிடம் சொன்னால் தடுப்பார் என்று சொல்லாமல் வந்துவிட்டாள். இப்போது இரண்டாவதையும் உடைத்தால்? அதுதான் அவர் வேண்டுவதோ? அதைப் பிடுங்கத்தான் இந்தக் காபியோ? எப்சிபா தலையைத் தூக்காமல் பார்த்தாள். அவருடைய போன் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில், மெத்தை மேல், குப்புறக் கிடந்தது. போனை ஏன் குப்புறப் போட வேண்டும்? அதற்குள் ஏதாவது ஓடிக்கொண்டிருக்குமோ? வந்து உட்கார்ந்ததும் அதை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அப்படி வைத்தார். சும்மா பார்த்திருக்கலாம். எல்லோரும்தான் பார்க்கிறார்கள். பொன்னையா அண்ணன் ஜெபத்துக்கு நடுவிலேயே பார்ப்பார்.

சும்மா இல்லை. கிளினிக்குக்கு வராமல் நிற்பதற்கு முந்தின இரண்டு வாரமும் அவர் கேட்ட கேள்விகள் சும்மா கேட்கிற கேள்விகள் இல்லை. ஊசி போட்டு முடிந்து பிள்ளை சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தபோது, ரொம்ப மெதுவாக, "ஞாயிற்றுக்கிழமை நீங்க எல்லாரும் தொழுகிறது எங்கே, சிஸ்டர்?" என்றார். ஊரில் இருக்கிற கோயில்தான், எல்லோருக்கும் தெரிந்த இடம், சொன்னாள். அடுத்த வாரம், "எங்க ஆளுங்க யாராவது அங்கே வருவாங்களா? எத்தனை பேர்?" தெரியாது என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனாள். கழுவின கையையே இன்னொரு தடவை கழுவினாள். திரும்பி வரும்போதும் நின்றுகொண்டிருந்தார். "வர்றவங்களுக்குப் புத்தகம் ஏதும் கொடுப்பீங்களா?" என்றார். இதெல்லாம் ஒரு தகப்பன் கேட்கிற கேள்வியா? தகப்பன் என்றால் சர்க்கரை எவ்வளவு, எத்தனை நாள், குணமாகுமா என்று கேட்பான். பெயர், எண்ணிக்கை, இடம், புத்தகம் என்று கேட்கிறவன் யாருக்கோ எழுதிக் கொடுப்பதற்காகக் கேட்கிறான். போன வருடம் அப்படித்தான் நடந்தது. பிரேசிலிலிருந்து வந்த ஒரு பெண், பாவம், நல்லவள், அகதிப் பிள்ளை ஒன்று கேட்டதென்று படம் போட்ட சின்னப் புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டாள். யாரோ புகார் எழுதினார்கள். யார் என்று கடைசி வரை தெரியவில்லை. மூன்றாம் நாள் அவள் பெட்டியோடு விமான நிலையத்தில் நின்றாள். விசாரணை முடிகிறவரை கிளினிக் ஐந்து வாரம் பூட்டிக் கிடந்தது. அந்த ஐந்து வாரத்தில் காலில் புண்ணோடு வந்துகொண்டிருந்த ஒரு பெரியவருக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எப்சிபாவால் அந்தக் காலை மறக்க முடியவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவள் கையால் கட்டுப் போட்ட கால். இப்போது கிளினிக் பதிவேட்டில் இன்சுலின் வாங்குகிறவர்கள் மட்டும் அறுபத்து மூன்று பேர். ஒரு வார்த்தை, தன் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை, அந்தப் போனுக்குள் விழுந்தால் போதும்.

விஷம் ஏதும் கலந்திருக்குமோ என்று கூட ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அவளுக்கு வெட்கமாக இருந்தது. முதல் கோப்பையை அவரே ஊற்றி, அவரே குடித்துக் காட்டிவிட்டுத்தான் அவளுக்கு ஊற்றினார். ஏன் அப்படிக் குடித்துக் காட்ட வேண்டும்? நம் வீட்டில் விருந்தாளிக்கு முன்னால் வீட்டுக்காரன் குடித்தால் அம்மா முறைப்பாள். அதிலும் அதே கோப்பையை உதறிவிட்டு அதிலேயே ஊற்றியது வேறு. எச்சில். சீ, என்ன புத்தி இது, பிள்ளை சாகக் கிடக்கிறாளோ என்னமோ, எச்சில் பார்க்கிறது. சாகக் கிடக்கிறாளா? எப்சிபா மூக்கால் காற்றைத் தேடினாள். மருந்தில்லாமல் முற்றிவிட்டால் மூச்சில் ஒரு வாடை வரும், அழுகிப்போன பழ வாடை. தேர்ந்த நர்ஸுக்கு வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும். இங்கே ஏலக்காயைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வறுத்த வாசனை எல்லாவற்றையும் மூடிவிட்டது. அதற்காகத்தான் வறுத்தாரோ? போதும், எப்சிபா. உள்ளே போகிற வாசலில் பழைய போர்வை ஒன்று திரையாகத் தொங்கியது. ரீமாஸ் அதற்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். வழக்கமாக அவள் வருகிற சத்தம் கேட்டாலே அந்தப் போர்வைக்கு அடியில் இரண்டு கால் தெரியும், அப்புறம் ஒரு சிரிப்பு. இன்றைக்குக் கால் இல்லை. கடைசியாகப் பார்த்தபோது பிள்ளை எடை இருபத்து இரண்டு கிலோ. முதல் நாள் அவளைத் தகப்பன் தோளில் தூக்கிக்கொண்டு வந்தபோது பதினேழு. கண் செருகிப் போயிருந்தாள். ஊசி போட்டு மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டாள். அன்றைக்கு இந்த மனிதர் கிளினிக் நடையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். மூத்த மகன் நவ்வாஃப், அவன் பேரைச் சொல்லித்தான் அங்கத்து வழக்கப்படி இவரை எல்லோரும் கூப்பிடுகிறார்கள், எல்லைக்கு அந்தப் பக்கம், சிரியாவில் இருக்கும்போதே ரொட்டி வாங்கப் போனவன் திரும்பி வரவில்லையாம். அதை நுஹாதான் சொன்னாள். அப்படி அழுத ஆளா காட்டிக்கொடுப்பார்? ஏன் மாட்டார்? அகதி என்றால் ஆயிரம் பிடி இருக்கும். அனுமதிச் சீட்டு புதுப்பிக்க வேண்டும், வேலைக்குச் சீட்டு வேண்டும். யாராவது உட்கார வைத்து, அவங்களைப் பத்தி நாலு விஷயம் சொல்லு, உன் சீட்டைப் பார்த்துக்கறோம் என்றால், பிள்ளை குட்டிக்காரன் என்ன செய்வான்? அவரைக் குறை சொல்ல முடியாது. அவரைக் குறை சொல்லவும் முடியாமல் நம்பவும் முடியாமல் அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காபியின் மேல் ஆவி அடங்கிவிட்டது.

சந்தேகப்பட்டுப் பட்டு மனசு தேய்ந்துதான் போய்விட்டது. வந்த புதிதில் இப்படி இல்லை. வெள்ளந்தியாக எல்லோரையும் பார்த்துச் சிரித்து, அரபியில் தப்பும் தவறுமாகப் பேசி, கிழவிகளிடம் கன்னத்தில் கிள்ளு வாங்கித் திரிந்தவள். பிரேசில்காரி போன பிறகுதான் இது பிடித்தது. கிளினிக்குக்கு எதிரே ஒரு வெள்ளைக் கார் இரண்டு நாள் நின்றால் நம்பரைக் குறித்துக்கொள்வாள். புது நோயாளி யாராவது நல்ல ஷூ போட்டிருந்தால் அகதியா என்று பார்ப்பாள். ஊருக்கு எழுதும்போது கர்த்தர் என்று எழுதாமல் அப்பா என்று எழுதுவாள், எழுதுகிற கடிதத்தை வழியில் யாராவது வாசித்தாலும் வீட்டுப் பெரியவரைச் சொல்கிறாள் என்று நினைக்கட்டும் என்று. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் சந்தேகப்படாமல் இருந்து அந்தப் பெரியவரின் காலைப் போல இன்னொன்றைக் கொடுக்க அவள் தயாராக இல்லை. அறுபத்து மூன்று பேர். அதில் ஒருத்தி இந்தத் திரைக்குப் பின்னால். இப்படி ஒருத்திக்கும் அறுபத்து இரண்டு பேருக்கும் நடுவே உட்கார வைத்துவிட்டாரே இந்த மனுஷன் என்று அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் கொஞ்சம் தைரியமும் வந்தது. "ரீமாஸ்..." என்று ஆரம்பித்தாள். அவர் உடனே கையை உயர்த்தினார், அதட்டலாக இல்லை, ரொம்ப மரியாதையாக, பள்ளிக்கூடத்தில் பெரிய வாத்தியாருக்கு முன்னால் நிற்கிறவரைப் போல. "முதல்லே காபி, சிஸ்டர்," என்றார். அவர் நெற்றியில் வேர்த்திருந்தது. பங்குனி மாதத்து வெயில் இந்த ஊரில் ஒன்றுமே இல்லை, காற்று குளிராக இருக்கிறது, இவருக்கு ஏன் வேர்க்கிறது?

அவர் காத்திருக்கிறார். அது இப்போது தெளிவாகத் தெரிந்தது. இவ்வளவு நேரமும் அவர் வாயைத் திறக்கட்டும் என்று தான்தான் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். பேசணும் என்று கூப்பிட்டது அவர்தானே. ஆனால் அவர் உட்கார்ந்திருக்கிற விதம், கைகளைத் தொடைமேல் வைத்து, முதுகை நேராக வைத்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருக்கிற மாதிரி. எதைச் சொல்லச் சொல்கிறார்? சொல்ல வேண்டியதை அவளாகவே சொல்ல வேண்டும் என்று பார்க்கிறாரா? அவராகக் கேட்டு அவள் பதில் சொன்னால் அது வேறு, அவளாகவே பேச்சை எடுத்தால் அது குற்றம். அந்த வித்தியாசம் அவளுக்குத் தெரியும், பொன்னையா அண்ணன் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். நான் பேச மாட்டேன், எப்சிபா தனக்குள் சொல்லிக்கொண்டாள். மூன்று மணி வரைக்கும் பேச மாட்டேன், குடிக்கவும் மாட்டேன். அதற்குள் அவருக்கே அலுத்துவிடும். இரண்டு குப்பியையும் இங்கே வைத்துவிட்டு எழுந்து போய்விடலாமா? போடுகிற அளவு அவர்களுக்குத் தெரியும். ஆனால் பிள்ளையைப் பார்க்காமல்? இருக்கிறாளா என்று கூடப் பார்க்காமல்? நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு இருபத்தெட்டு.

உம்மு நவ்வாஃப்தான் உடைந்தாள். வாயாடி அவள், ஆறு மாதத்தில் இவ்வளவு நேரம் அவள் பேசாமல் இருந்து எப்சிபா பார்த்ததில்லை. "ஆறிப் போகுது, சிஸ்டர்," என்றாள். "கேட்க வந்ததைக் கேட்டுடுங்களேன். ஏன் எங்களை இப்படி வைக்கிறீங்க?"

"நான் என்ன கேட்கணும்?" என்றாள் எப்சிபா.

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்கதானே கோப்பையைக் கீழே வச்சீங்க," என்றார் அபூ நவ்வாஃப். "எங்க பக்கத்துலே வீட்டுக்கு வந்தவங்க காபியை வாங்கிக் குடிக்காம வச்சா, அவங்களுக்குக் கேட்க ஒண்ணு இருக்குன்னு அர்த்தம். பொண்ணு கேட்க வந்தாலும் அப்படித்தான், ரத்தப் பழிக்குச் சமாதானம் கேட்க வந்தாலும் அப்படித்தான். கொடுக்கிறேன்னு வீட்டுக்காரன் சொன்ன பிறகுதான் குடிப்பாங்க. நானே உங்ககிட்டே எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம இருந்தேன். நீங்க எங்க முறைப்படியே வச்சதும், சரி, இவங்களுக்குத் தெரியும், மரியாதையாத்தான் கேட்க வந்திருக்காங்கன்னு நினைச்சேன்." கோப்பையைக் கை காட்டினார். "குடிங்க சிஸ்டர். நீங்க கேட்கப் போறது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நான் வர்றேன். உங்க கோயிலுக்கு. உட்காரச் சொன்ன இடத்துலே உட்கார்றேன், புத்தகம் கொடுத்தா வாங்கிக்கிறேன். தண்ணியிலே முக்கணும்னாலும் முக்குங்க. ஆனா நான் மட்டும். இவளையும் பிள்ளையையும் கேட்காதீங்க. எங்க அண்ணன் தம்பிங்க கிட்டே மட்டும் சொல்லாதீங்க."

எப்சிபாவுக்கு முதலில் அரபி மறந்துபோய்விட்டது என்றுதான் தோன்றியது. வார்த்தைகள் எல்லாம் தெரிந்த வார்த்தைகள், சேர்த்து வைத்தால்தான் நம்ப முடியவில்லை. எங்கே தொழுகிறீர்கள், எங்கள் ஆள்கள் எத்தனை பேர், புத்தகம் கொடுப்பீர்களா. யாருக்கும் எழுதிக் கொடுப்பதற்காக இல்லை. தான் எதைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று ஒரு தகப்பன் விசாரித்திருக்கிறார், அவ்வளவுதான். இவள் இரண்டு தடவை கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "யார் சொன்னா உங்களுக்கு?" என்று கேட்டாள். உங்கள் கிளினிக் வரிசையில்தான், என்றார். ஆறு மாதம் சும்மா கொடுப்பார்கள், அப்புறம் கேட்பார்கள், இல்லை என்றால் மருந்து நிற்கும் என்று பேசிக்கொண்டார்களாம். ஆறு மாதம் முடிந்தது. கொடுக்க மனசு வராமல், வாங்கவும் மனசு வராமல், வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். ஊசி? "கடைசியிலே பாதி பாதியாப் போட்டோம்," என்றாள் உம்மு நவ்வாஃப், "பாதி போட்டா இன்னும் ரெண்டு நாள் சேர்ந்து வருமேன்னு. முந்தாநாள் தீர்ந்துடுச்சு." அவள் அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவே, "இவர் நேத்து ராத்திரி பூரா தொழுதுக்கிட்டே இருந்தார், சிஸ்டர், இனிமே தொழ முடியுமோ முடியாதோன்னு," என்றாள். அவர், போதும் என்பது போல அவளைப் பார்த்தார். எப்சிபாவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. இவர் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இத்தனை நேரமும் அவள் அவருடைய போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடித்தால் இவர் சொன்னதற்குச் சரி என்றாகிவிடும். குடிக்காவிட்டால் இன்னும் ஏதோ அதிகமாகக் கேட்கிறாள் என்றாகிவிடும். மனைவியையும் கொடு, பிள்ளையையும் கொடு என்று. கோப்பை இருந்த இடத்தில் இருந்தது. அதை எடுக்கும் முன்னால் எதையாவது கேட்டே ஆக வேண்டும் என்பது அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. "நான் கேட்கிறதைக் கொடுப்பீங்களா?" என்றாள். குரல் தன்னுடையது மாதிரி இல்லை. "கொடுத்தேன்," என்றார் அவர், கேட்பதற்கு முன்பே, மார்பில் கையை வைத்து. "ரீமாஸை இப்பவே என் முன்னாலே கொண்டு வாங்க. அப்புறம் வாரா வாரம் திங்கட்கிழமை காலையிலே கிளினிக்குக்குக் கூட்டிட்டு வரணும், முழு அளவு போடணும், நான் உயிரோட இருக்கிற வரைக்கும் நிறுத்தக் கூடாது. அவ்வளவுதான். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்." சொல்லிவிட்டு, மறுபடி யோசித்தால் கை போகாது என்று, கோப்பையை எடுத்து ஒரே வாயில் குடித்தாள். ஆறிப்போய், கடும் கசப்பாக, தொண்டையைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. மணி பார்க்கவில்லை. அம்மா கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு நினைப்பு வந்து, நிற்காமல் போய்விட்டது.

பிள்ளையைத் தகப்பனே தூக்கிக்கொண்டு வந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்து, உதடு வெடித்து, ஆனால் விழித்திருந்தாள். எப்சிபா முகத்தோடு முகம் வைத்து மூச்சை முகர்ந்தாள். அந்த வாடை இல்லை. விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தாள். சர்க்கரை முன்னூற்று எண்பது. மோசம்தான், கைமீறிப் போகவில்லை. ஊசி போடும்போது ரீமாஸ் முனகக் கூட இல்லை, காபி நல்லா இருந்துச்சா என்று கேட்டாள். சாயங்காலம் வரை பக்கத்திலிருந்து பார்த்து, இறங்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அண்ணனுக்கு உண்மையைச் சொல்லி வண்டி அனுப்பச் சொல்ல வேண்டும். கை தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. பஞ்சைச் சுருட்டிப் பைக்குள் போடும்போது அபூ நவ்வாஃப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அப்போ ஞாயிற்றுக்கிழமை?" என்றார் தாழ்ந்த குரலில்.

"வராதீங்க," என்றாள் எப்சிபா. மூன்று தலைமுறையாக உபதேசியார் வீட்டுப் பெண், ஒரு மனிதன் தானாக ஆலயத்துக்கு வருகிறேன் என்கிறபோது, பெரிய வெள்ளிக்கிழமை அன்று, வராதீர்கள் என்று சொல்லிவிட்டாள். "மருந்துக்கு விலை இல்லே, அபூ நவ்வாஃப். இன்னிக்கும் இல்லே, இனிமேலும் இல்லே."

அவர் தலையை ஆட்டினார். இந்த ஊர்க் கடைக்காரர்கள் சாமானைப் பொட்டலம் கட்டி நீட்டி, "நீங்க எடுத்துக்குங்க, காசு எதுக்கு" என்று உபசாரத்துக்குச் சொல்வார்கள். வாங்குகிறவர்களும் தலையை ஆட்டிக்கொண்டே காசை எடுப்பார்கள். அந்தத் தலையாட்டல்தான் அது. "நீங்க நல்லவங்க," என்றார். "அவசரம் இல்லே, சிஸ்டர். எப்போ கேட்டாலும் நான் தயார்."

அவள் இல்லை என்று இன்னொரு தடவை சொல்ல வாயைத் திறந்தாள். அப்போதுதான் தான் எழுதிய கடிதம் நினைவுக்கு வந்தது. தன் செலவைத் தாங்குகிற ஊர்ச் சபைக்கு மாதா மாதம் அவள் ஒரு ஜெபக் கடிதம் எழுதுவது வழக்கம், கூட்டத்தில் சத்தமாக வாசிப்பார்கள். இந்த மாதத்துக் கடிதத்தில் பேர் குறிப்பிடாமல் இந்த வீட்டைப் பற்றித்தான் எழுதியிருந்தாள், அன்பாகத்தான், கண்ணீரோடு கூடத்தான் எழுதினாள். இன்றைக்கு மும்மணி ஆராதனையில் அதை வாசித்திருப்பார்கள், அம்மாவும் முழங்காலில் நின்று ஆமென் சொல்லியிருப்பாள். கடைசி வரி அவளுக்கு மனப்பாடமாகவே இருந்தது. பிள்ளையின் வியாதியே அந்த வீட்டுக்குள் நாம் போகிற வாசலாக அமையும்படி ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாள்.